நொண்டியின் மூன்றாம் பாட்டு

தெபித்தோ, மெக்சிகோ நகரம்
5 மார்ச் 1978

அண்ணன் லாசரோவுக்கு ரெமே எழுதுவது.

இந்தக் கடிதம் வந்து சேரும்போது நீயும் உன் வீட்டாரும் உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருக்க குவாதலூப்பே மாதாவை வேண்டிக்கொள்கிறேன். இங்கே நானும் என் மகள் நியேவெஸும் சுகம். அப்பா சுகமில்லை.

பதினான்கு வருஷம் கழித்து எழுதுகிறேன். பாசம் பொங்கி எழுதுவதாக நினைத்துவிடாதே. மாக்காரியோ மாமாவின் மருமகன் கிறிஸ்துமஸுக்கு ஊருக்கு வந்தபோது, கலிஃபோர்னியாவில் ஸ்ட்ராபெரித் தோட்டத்தில் உன்னைப் பார்த்ததாகச் சொல்லி விலாசம் கொடுத்தான். இரண்டு மாதம் அதை பீன்ஸ் டப்பாவுக்குள் போட்டு வைத்திருந்தேன்.

ஜனவரியில் அலமேதா பூங்காவில் கைப்பிடியைச் சுற்றினால் பாடுகிற ஆர்கன் பெட்டியை வாசித்துக்கொண்டிருந்தபோதே அப்பா விழுந்துவிட்டார். பக்கவாதம். வலது பக்கம் முழுதும் போயிற்று, சுற்றுகிற கை. பேச்சு குழறினாலும் புரிகிறது. இப்போது நான்தான் ஆர்கன்காரர்களின் காக்கிச் சட்டையும் தொப்பியும் போட்டுக்கொண்டு வாடகைப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போகிறேன். "ஏம்மா, புருஷன் பேன்ட்ட மாட்டிட்டு வந்துட்டியா?" என்று ஒருவன் கேட்டான். "ஆமாய்யா, உம் பொண்டாட்டி உன்னோடத போட்டிருக்கா, நான் என் புருஷனோடத போட்டிருக்கேன்" என்று சொன்னேன். 

நம் சொந்தப் பெட்டியான நொண்டி இருந்திருந்தால் அப்பா இந்த வயதில் வாடகைப் பெட்டியைச் சுமந்திருக்க மாட்டார். அதை நீ திருடி விற்றாய். நான் அதைப் பற்றிப் பேசப்போவதில்லை. ஒன்றுதான் கேட்கிறேன். அவர் கண்ணை மூடுவதற்குள் வந்து, காலைப் பிடித்து மன்னிப்புக் கேள். அவர் மனசு ஆறட்டும்.

தங்கை ரெமே

*

வாட்சன்வில், கலிஃபோர்னியா
2 ஏப்ரல் 1978

அன்புள்ள ரெமே,

நீயும் நியேவெஸும் சுகம் என்றறிந்து கடவுளுக்கு நன்றி சொன்னேன். நாங்கள் நால்வரும் நலம். என் முதுகு மட்டும் ஸ்ட்ராபெரிக்குச் சொந்தமாகிவிட்டது.

அப்பாவுக்கு வலது கை போனது என்று படித்ததும் தோட்டத்திலேயே உட்கார்ந்துவிட்டேன். மேஸ்திரி, "என்னடா, பழத்தோட சேந்து நீயும் காய்க்கிறியா?" என்றான்.

நீ காக்கிச் சட்டையில் நிற்பதை நினைத்தால் சிரிப்பும் வருகிறது, பெருமையாகவும் இருக்கிறது. சுற்றும்போது அவசரப்படாதே. பாட்டு முடிகிற இடத்தில் கை தானாக ஓடப் பார்க்கும், விடாதே.

இங்கே வேலை செய்யும்போது நான் விசிலடிக்கிறேனாம், ஒரே ஒரு ஸ்வரம். "ஒரு பாட்டு முழுசா தெரியாதாய்யா உனக்கு?" என்று என் மனைவி ஓஃபேலியா திட்டுகிறாள். அவளுக்கு என்ன தெரியும். உனக்கு ஐந்து வயதில் காது குத்தி, நூல் அவிழ்ந்து, துளை தூர்ந்துவிடும் என்று நீ அழுதாயே. உருளையில் ஸ்வரத்துக்கு ஒன்றாக ஆயிரக்கணக்கில் பித்தளைக் கம்பி இருக்கிறதே, ஒன்று போனால் யாருக்குத் தெரியப்போகிறது என்று பெட்டியைத் திறந்து ஒரு வளைந்த கம்பியைப் பிடுங்கி உன் காதில் மாட்டினேன். மூன்றாம் பாட்டில் அந்த நீட்டு ஸ்வரமே போயிற்று! அன்றைக்குத்தான் பெட்டிக்கு நொண்டி என்று பேர் வந்தது. தொப்பி ஏந்துகிற எனக்கும், அந்த இடம் வரும்போதெல்லாம் விசிலடித்து நிரப்புகிற வேலை வந்தது. ஜனங்களுக்கு விசில் பிடித்துப் போனதால் அப்பா அதைச் சரிசெய்யவே இல்லை. அடி மட்டும் மறக்காமல் கொடுத்தார்.

ஊரையே கூப்பிட்டுச் செய்த உன் பதினைந்தாம் பிறந்தநாள் விருந்துக்கு நீ போட்ட ரோஜா நிற கவுன் இன்னும் இருக்கிறதா?

அப்பாவிடம் நான் கேட்டதாகச் சொல்.

லாசரோ

*

தெபித்தோ
29 ஏப்ரல் 1978

அண்ணா,

உன் கடிதம் கிடைத்தது. உன் பிள்ளைகளும் ஓஃபேலியாவும் நலமாயிருக்கட்டும். எனக்குத் தோள்பட்டையில் தோல் உரிந்திருக்கிறது, மற்றபடி குறையில்லை.

நான் என்ன கேட்டேன், நீ என்ன எழுதியிருக்கிறாய்? முதுகு, பழம், விசில். மன்னிப்பு என்ற வார்த்தையை மட்டும் காணோம். எவ்வளவு கெட்டிக்காரன் நீ!

நியேவெஸ் உன் கடிதத்தைப் பார்த்துவிட்டு, "அம்மா, இவருதான் திருடன் மாமாவா?" என்றாள். நான் சொல்லிக்கொடுக்கவில்லை. ஒரே முற்றத்தைச் சுற்றியிருக்கிற நம் வளவு வீடுகளில் எல்லோரும் உன்னை அப்படித்தான் சொல்கிறார்கள். இத்தனை வருஷம் நான் குனிந்த தலையோடு குழாயடியில் நின்றிருக்கிறேன். உனக்கு அது தெரியாது.

கவுன் இருக்கிறது. நியேவெஸுக்காக நாப்தலின் உருண்டை போட்டு வைத்திருக்கிறேன். அது ரோஜா நிறம் என்று உனக்கு எப்படித் தெரியும்? நீ ஓடிப்போனது விருந்துக்கு மூன்று நாள் முன்னால். தையற்காரி அதைக் கொண்டுவந்தது விருந்துக்கு முந்தின நாள் சாயங்காலம்தான். யார் சொன்னார்கள்?

அப்பாவிடம் நீ கேட்டதாகச் சொன்னேன். முகத்தைச் சுவர் பக்கம் திருப்பிக்கொண்டார். அந்த அளவுக்கு அவர் மனசு புண்பட்டிருக்கிறது. வா.

ரெமே

*

வாட்சன்வில்
18 ஜூன் 1978

அன்புள்ள ரெமே,

பதில் எழுதத் தாமதமானதற்கு மன்னித்துக்கொள். அறுவடை என்று சொன்னால் பொய். பலமுறை எழுதிக் கிழித்துப் போட்டேன். எல்லோரும் நலம்.

என்னால் வர முடியாது. என்னை நேரில் பார்ப்பது அப்பாவுக்கு நல்லதில்லை. இதற்குமேல் கேட்காதே, கண்ணு.

நீ கேட்ட மன்னிப்பை உள்ளே தனித் தாளில் மடித்து வைத்திருக்கிறேன். கதவைச் சாத்திவிட்டு அவருக்கு மட்டும் படித்துக் காட்டு. வளவில் யாரையும் கூப்பிடாதே.

லாசரோ

(உள்ளே இருந்த தாள்)

அப்பா, உங்கள் மகன் லாசரோ எழுதுகிறேன். பெட்டி வைக்கிற கிடங்கின் சாவி என்னிடம்தான் இருந்தது. நொண்டி போனது என்னால்தான். நான் செய்த தப்புக்கு என்னை மன்னித்துவிடுங்கள். எனக்கு உங்கள்மேல் எந்த வருத்தமும் இல்லை, ஒருநாளும் இருந்ததில்லை. நிம்மதியாகத் தூங்குங்கள். ரெமேயைப் பற்றிக் கவலைப்படாதீர்கள், அவள் சந்தோஷமாக இருக்கிறாள். அது போதும் நமக்கு.

*

தெபித்தோ
16 ஜூலை 1978

அண்ணா,

நீங்கள் எல்லோரும் நல்லபடியாக இருக்கிறீர்களா? இங்கே மழை, பெட்டிக்குள் ஈரம் புகுந்து குழல்கள் எல்லாம் கரகரப்பு. ஆனாலும் ஒரு வங்கி குமாஸ்தா வியாழக்கிழமை தவறாமல் வந்து, மழையில் நனைந்துகொண்டே ஒரு வால்ஸ் நடனப் பாட்டு முழுதும் கேட்டுவிட்டுப் போகிறார். பேசவே மாட்டார்.

நீ சொன்னபடி கதவைச் சாத்திக்கொண்டுதான் படித்தேன். முடித்ததும் அப்பா, "இன்னொரு தடவ படி" என்றார். படித்தேன். "இன்னொரு தடவ" என்றார். மூன்றாவது முறை படிக்கும்போது அழ ஆரம்பித்துவிட்டார். சத்தம் வராத அழுகை, வாய் ஒருபக்கம் கோணிக்கொண்டது. நான் பயந்துபோனேன்.

"மன்னிச்சேன்னு எழுதட்டுமாப்பா?" என்று கேட்டேன்.

தலையை இப்படியும் அப்படியும் ஆட்டினார். வேண்டாம் என்று. "கிழிச்சுப் போடு" என்றார். பிறகு, "அவன் இன்னும் விசிலடிக்கிறானா?" என்று கேட்டார். அடிக்கிறானாம் என்றேன். கண்ணை மூடிக்கொண்டார்.

எனக்கு அவர்மேலும் கோபம் வந்தது, அண்ணா. பெற்ற பிள்ளை இவ்வளவு இறங்கி வந்த பிறகும் மனசு இளகாதா? ஆனால் நீ செய்ததும் சின்னக் காரியம் இல்லையே. தாளை நான் கிழிக்கவில்லை, வைத்திருக்கிறேன்.

நீ எழுதியது நன்றாக இருந்தது. பதினான்கு வருஷத்தில் முதல்முறையாக உன்னை அண்ணன் என்று நினைக்க முடிந்தது.

ரெமே

*

வாட்சன்வில்
20 ஆகஸ்ட் 1978

அன்புள்ள ரெமே,

இங்கே சுகம். அங்கே அனைவரும் சுகமா?

அப்பா கேட்டார் என்று எழுதியிருந்தாயே, விசிலடிக்கிறானா என்று. அந்த ஒரு வரியை ஓஃபேலியாவுக்கு நாலு தடவை படித்துக் காட்டினேன். "மன்னிக்கவே இல்லயே, இதுல என்ன சந்தோஷம் ஒனக்கு?" என்றாள்.

அவரைக் கோபித்துக்கொள்ளாதே. தயவுசெய்து. உனக்கு அவரைப் பிடிக்காமல் போனால் நான் இத்தனை வருஷம் இங்கே இருந்ததற்கு அர்த்தமே இல்லை.

லாசரோ

*

தெபித்தோ
30 செப்டம்பர் 1978

அண்ணா,

நலம் விசாரிக்க நேரமில்லை, நன்றாக இரு.

அப்பாவுக்கு மிகவும் முடியவில்லை. நேற்று நியேவெஸ் துணிப்பெட்டியைக் குடைந்து கவுனை எடுத்துப் போட்டுக்கொண்டு, தரையெல்லாம் இழுபட, அவர் முன்னால் போய் நின்று சுற்றிக் காட்டினாள். அப்பா எப்படிக் கத்தினார் தெரியுமா? "கழட்டு! கழட்டச் சொல்லு அத! எரிச்சுப் போடு!" குழந்தை மிரண்டு அழுதது. என் விருந்தன்று அந்த கவுனில் என்னோடு முதல் வால்ஸ் ஆடியவர் அவர். வளவே வாயைப் பிளந்து பார்த்தது. கேக்குக்கு, பேண்டுக்கு, கவுனுக்கு என்று செலவை ஏற்க ஒப்புக்கொண்ட ஞானத்தந்தையர் ஒவ்வொருவராக நழுவிவிட்டார்கள் என்று பிறகு கேள்விப்பட்டேன். எப்படியோ சமாளித்து ஒரு குறையில்லாமல் செய்தார். பெட்டி திருட்டுப் போன வாரத்திலும் சிரித்துக்கொண்டே செய்தார். அப்படிப்பட்ட மனிதருக்கு மூளை கலங்கிவிட்டது போலிருக்கிறது.

இடது கையால் வலது கையைப் பிடித்துக்கொண்டு காற்றில் சுற்றுகிறார். உன்னைக் கேட்கிறார். உடனே புறப்படு.

ரெமே

*

தெபித்தோ
12 நவம்பர் 1978

லாசரோவுக்கு,

அக்டோபர் 24 அன்று அப்பா போய்விட்டார். தந்தி கொடுத்தேன். நீ வரவில்லை, பதிலும் இல்லை. ஒன்பது நாள் ஜெபமாலை முடிந்தது. கடைசி நாள் தரையில் போட்டிருந்த சிலுவையை எடுக்கும்போது மகன் நிற்க வேண்டிய இடத்தில் மாக்காரியோ மாமா நின்றார்.

ஆர்கன்காரர் சங்கத்தார் ஆறு பெட்டிகளோடு வந்து கல்லறையில் வாசித்தார்கள். ஆறும் ஒன்றுக்கொன்று ஒத்துவராமல் ஒரே கூச்சல். அதைக் கேட்டுத்தான் எனக்கு அழுகையே வந்தது.

கடைசியாக அவர் சொன்னது உன் பேர். லாசரோ என்றார், பிறகு ஏதோ சொல்ல வாயெடுத்தார், வரவில்லை. மன்னித்தேன் என்றுதான் சொல்ல வந்திருப்பார் என்று வைத்துக்கொள். நான் மன்னித்ததாகச் சொல்ல மாட்டேன்.

இறந்தவர் நாளில் படையலுக்குத் தொப்பி, சிகரெட், மோலே குழம்பு எல்லாம் வைத்தேன். உன் பங்குக்கு ஒரு பூக்கூட இல்லை. இனி எனக்கு எழுதாதே. நானும் எழுத மாட்டேன்.

ரெமேதியோஸ்

*

தெபித்தோ
28 ஜனவரி 1979

அண்ணா,

எழுத மாட்டேன் என்றவள் எழுதுகிறேன். எழுத்து கோணல்மாணலாக இருந்தால் பொறுத்துக்கொள். சுகமாக இருக்கிறாயா? இருக்க வேண்டும் நீ.

புவெப்லாவில் ஒரு தேவாலயத் திருவிழாவுக்குச் சங்கம் எங்களில் நான்கு பேரை அனுப்பியது. போன ஞாயிறு, பலூன்காரர்களுக்கு அப்பால் ஒரு பெட்டி நம் மூன்றாம் பாட்டான அந்த வால்ஸை வாசித்தது. எல்லாப் பெட்டியிலும் இருக்கிற வால்ஸ்தான், நான் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அந்த நீட்டு ஸ்வரம் வர வேண்டிய இடம் வந்தது. ஸ்வரம் வரவில்லை. பெட்டி ஒரு மூச்சு இழுத்துவிட்டு நொண்டிக்கொண்டு போயிற்று.

என் பெட்டியை அப்படியே போட்டுவிட்டு ஓடினேன். சுற்றிக்கொண்டிருந்த கிழவர் சட்டையைப் பிடித்து, "திருட்டுப் பயலே, இது எங்கப்பா பெட்டிடா!" என்று கத்தினேன். கூட்டம் கூடிவிட்டது.

கிழவர் பேர் இலாரியோ. பதறவே இல்லை. "நீ காஸ்துலோ பொண்ணா? சட்டைய விடும்மா, இருக்கறதே இது ஒண்ணுதான்" என்றார். பெட்டியின் மூடிக்குள்ளிருந்து ஒரு தாளை எடுத்து நீட்டினார். விற்பனைச் சீட்டு. 1964 ஏப்ரல் 14. கீழே அப்பாவின் கையெழுத்து, அந்த வால் நீண்ட ஓ.

"ஒங்கப்பாவேதான் வித்தாரு. அவரும் நானும்தான் கிடங்குலேருந்து வண்டில ஏத்துனோம். பொண்ணுக்குப் பதினஞ்சாம் பொறந்தநாளு, கைகொடுக்கறேன்னவன்லாம் காணாமப் போயிட்டான், ஊரையே கூப்ட்டாச்சுன்னு சொல்லி அழுதாரு. அப்பதான் ஒரு பையன் தொர்த்தியா ரொட்டிப் பொட்டலத்தோட வந்து வாசல்ல நின்னான். 'தங்கச்சி காதுக்கு இது போகக்கூடாதுடா'ன்னாரு ஒங்கப்பா. பையன் தலைய ஆட்டினான். பாவம், கதவ அவன்தான் பிடிச்சுக்கிட்டான்."

அண்ணா, நான் உன் மன்னிப்புத் தாளை அப்பாவுக்கு மூன்று முறை படித்துக் காட்டினேன். நீ செய்யாததற்கு நீ கேட்ட மன்னிப்பை, செய்தவரிடமே, இந்த வாயால் மூன்று முறை படித்தேன். மன்னித்தேன் என்று எழுதட்டுமா என்று வேறு கேட்டேன். பதினான்கு வருஷம் உன்னைத் திருடன் என்றேன். அந்தத் திருட்டை உடம்பில் போட்டுக்கொண்டு ஆடியவள் நான்.

ஏன் சொல்லவில்லை? ஒரு வரி எழுதியிருக்கக்கூடாதா? திட்டியாவது எழுது.

ரெமே

*

வாட்சன்வில்
25 பிப்ரவரி 1979

என் ரெமே,

அழாதே. நீ அழுதால் மூக்கு சிவந்துவிடும், அசிங்கமாக இருப்பாய். இங்கே சுகம். நீ புறப்படச் சொன்ன கடிதமும் தந்தியும் எனக்கு அப்பா போய் மூன்று வாரம் கழித்துத்தான் கிடைத்தன. வேறு தோட்டத்தின் கூலிக்காரர் முகாமில் இருந்தேன். அதற்குள் உன் கடிதமும் வந்துவிட்டது. எழுதாதே என்றிருந்தாய், எழுதவில்லை.

அப்பா என்னைத் திருடன் என்று ஒருநாளும் சொன்னதில்லை. இதை நீ நம்ப வேண்டும். பெட்டியைக் காணோம் என்றதும் வளவு முழுதும் முற்றத்தில் கூடிவிட்டது. "சாவி யாருகிட்ட இருந்துச்சு?" என்று மாக்காரியோ மாமா கேட்டார். அப்பா என்னைப் பார்த்தார். "பையன்கிட்டதான" என்று மாமாவே சொன்னார். அப்பா இல்லை என்று சொல்லவில்லை. அவ்வளவுதான் நடந்தது. உண்மையைச் சொன்னால் விருந்து நின்றுபோகும், நீ காலத்துக்கும் அவர் முகத்தைப் பார்க்க மாட்டாய். யாராவது ஒருத்தர் போக வேண்டியிருந்தது. நான் பதினேழு வயதுக்காரன், எங்கேயும் பிழைத்துக்கொள்வேன். திரும்பக் கூப்பிடுவார் என்றுதான் முதல் இரண்டு வருஷம் நினைத்துக்கொண்டிருந்தேன்.

நிறம் எப்படித் தெரியும் என்று கேட்டிருந்தாய். மூன்று நாள் பேருந்து நிலையத்தில் படுத்திருந்துவிட்டு, விருந்தன்று சாயங்காலம் எதிர்வீட்டு மொட்டைமாடியில் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தேன். ரோஜா நிறம், கையில் வெள்ளை லேஸ். அப்பா புது ஷூவில் வழுக்கினார், நீ பிடித்துக்கொண்டாய். பேண்டுக்காரர்கள் நம் வால்ஸைத்தான் வாசித்தார்கள். அந்த இடம் வரப்போகிறது என்று நான் உதட்டைக் குவித்துத் தயாராக இருந்தேன். அவர்கள் அதை முழுசாக வாசித்துவிட்டார்கள். எனக்கு அங்கே வேலையே இல்லை. அதற்குப்பிறகுதான் இறங்கி வடக்கே போகிற பேருந்தில் ஏறினேன்.

கவுனை எரிக்காதே. நியேவெஸ் போட்டுக்கொள்ளட்டும். தெபித்தோவிலேயே விலை கூடின கவுன் அது.

லாசரோ

*

தெபித்தோ
19 மார்ச் 1979

அண்ணா,

நீயும் ஓஃபேலியாவும் குழந்தைகளும் நன்றாக இருக்க வேண்டும். நாங்கள் இருக்கிறோம்.

உன் கடிதத்தை எடுத்துக்கொண்டு குழாயடிக்குப் போனேன். தண்ணீர் பிடிக்க வந்த எல்லோரும் இருக்கும்போது சத்தமாகப் படித்தேன். மாக்காரியோ மாமா வாளியைக் கீழே வைத்துவிட்டு வீட்டுக்குள் போனவர், இரண்டு நாள் வெளியே வரவில்லை. அப்பாவின் பேர் கெட்டுவிட்டது என்று நீ வருத்தப்படுவாய். கெடட்டும். எனக்கு அவர்மேல் கோபம் இருக்கிறது, அவரை நினைத்தால் அழுகையும் வருகிறது. இரண்டையும் வைத்துக்கொள்கிறேன், நீ ஒன்றும் செய்ய முடியாது.

நேற்று நியேவெஸைக் கூட்டிக்கொண்டு மறுபடி புவெப்லாவுக்குப் போனேன். பெரியவர் இலாரியோ கேட்காமலேயே கைப்பிடியை என்னிடம் கொடுத்தார். என் காதில் கிடந்த அந்தப் பித்தளைக் கம்பியைத் துணியில் முடிந்து எடுத்துப் போயிருந்தேன். அதைப் பார்த்துவிட்டு, "குடும்மா, ரிப்பேர்காரன் பத்தே நிமிஷத்துல அடிச்சு வச்சிருவான், நொண்டி சரியாயிடுவா" என்றார்.

"வேணாங்க. அது எங்கண்ணன் எடம்" என்றேன்.

சதுக்கத்தின் நடுவில் நின்று சுற்றினேன். நீ சொன்னபடி அவசரப்படாமல் சுற்றினேன். முதல் பாட்டு, இரண்டாம் பாட்டு. மூன்றாவது தொடங்கியதும் பெஞ்சில் உட்கார்ந்திருந்த வயசான ஜோடி ஒன்று எழுந்து ஆட ஆரம்பித்தது. நியேவெஸ் தொப்பியை ஏந்திக்கொண்டு பக்கத்தில் நின்றாள். அந்த இடம் வந்தது. நான் உதட்டைக் குவித்தேன், காற்றுதான் வந்தது, எனக்கு எப்போதும் விசில் வராது என்று உனக்குத் தெரியுமே. நியேவெஸ் என் முகத்தைப் பார்த்தாள். ஜோடி ஒரு அடி தடுமாறி நின்றது, நான் சுற்றிக்கொண்டே இருந்தேன், அண்ணா, யாருமே விசிலடிக்கவில்லை.

உன் ரெமே